ஆட்டாமல் வைத்த கை

ஒரு காலில் ஷூ, மறுகால் வெறுங்கால், காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிய போன். இந்தக் கோலத்தில்தான் அவன் அன்று அம்மாவின் தோளைத் தொட்டுப் பார்த்தான். போனில் ஒரு நோயாளியின் மகள், அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு 'ம், ம்' போட்டுக்கொண்டே அம்மாவின் தோளில் இரண்டு விரலால் அங்கே ஒரு அழுத்து, இங்கே ஒரு அழுத்து.

"இங்கயா?"

"ஆமா, அங்கதான். மேல தூக்கினா சுரீர்ங்குது."

"சதை இழுத்திருக்கும்மா. பயப்படாதே. கொஞ்ச நாளைக்குக் கையை ஆட்டாம வை. அப்புறம் நான் சொல்றேன்."

"வேலைக்குப் போகலாமாடா?"

அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான். "ஆட்டாம வைம்மா" என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. மொத்த வைத்தியமும் அவ்வளவுதான்.

அவன் டாக்டர் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள், மாவுக்கட்டுப் பிரித்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் அவர்கள் கைகாலை மறுபடி பழக்கிவிடுகிற பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் 'டாக்டர் தம்பி' ஆகிவிட்டான். அவன் அப்பா மட்டும் 'கைகால் பிடிக்கிற உத்தியோகம்' என்று கேலி பேசுவார். அதையே வேறு யாராவது சொல்லிவிட்டால் சண்டைக்குப் போவார்.

கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் இத்தனை தடவை மடக்குங்கள், இத்தனை தடவை நீட்டுங்கள், இந்தக் கிழமைக்குப் பிறகு கம்பைப் பிடிக்காமல் நடங்கள் என்று பிசகில்லாமல் சொல்வான். சாயங்காலம் போன் போட்டு, செய்தீர்களா என்று கேட்பான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுகிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை நமக்குத் தெரியும். விழுந்தது பல்லி என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே விழுந்தது பெற்றவள்.

அம்மா கர்ட்டன் கடையில் துணி வெட்டுகிறவள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற துணிச் சுருளை நீள மேசையில் உருட்டிவிட்டு, மேலே மடிப்புக்கு விட்டு, கீழே கரைக்கு விட்டு, இந்தத் துண்டின் பூவும் அந்தத் துண்டின் பூவும் ஒரே வரிசையில் நிற்கும்படி வெட்டவேண்டும். ஒரு விரல்கடை பிசகினால் ஜன்னலில் பாதிப் பூ மேலே ஏறி நிற்கும். வீட்டுக்காரர்கள் விருந்தாளி வரும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெட்டித் தைத்தது போதாதென்று அந்தந்த வீட்டுக்கே போய், ஏணியில் ஏறி மாட்டிக் கொடுப்பதும் அவள்தான். அப்படி மாட்டும்போதுதான் கொக்கி வழுக்கி, ஒரு கனத்த திரையின் பாரம் முழுக்க அவள் வலது கையில் இறங்கியது.

மகன் ஆட்டாதே என்றான். அவள் ஆட்டவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். குழம்பு கிண்டுவது இடது கை, கதவு திறப்பது இடது கை. அப்புறம் சொல்கிறேன் என்றானே, அந்த அப்புறத்துக்காகக் காத்திருந்தாள். அவன் விடிந்தும் விடியாமலும் கிளம்புகிறவன், திரும்பும்போது சோற்றில் கைவைத்தபடியே தூங்குகிறவன். அவள் தோளைத் தொட்டுப் பார்த்ததையே அந்த வாரக் கடைசியில் மறந்துபோயிருந்தான். மழை வந்து, சுவரெல்லாம் ஈரம் பூத்து, பிறகு வெயிலும் வந்துவிட்டது.

அந்த வெயிலில் ஒரு நாள் அவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறினால் அவனுக்குச் சும்மா இருக்க வராது. யார் எந்தக் காலை இழுத்துப் போடுகிறார்கள், யார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருவான். பக்கத்தில் ஒரு வாட்ச்மேன் வந்து உட்கார்ந்தார், காக்கிச் சட்டையில் வேர்வை ஊறிக் கிடந்தது. இடது பக்கப் பையிலிருந்த டிக்கெட்டை எடுக்க, வலது கையை மார்புக்குக் குறுக்கே வளைத்துத் திணறினார்.

"அண்ணே, அந்த இடது கை தூக்க வரலையா?"

"உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"நமக்கு அதான்ணே வேலை. என்ன ஆச்சு?"

"பெரிய கேட்டு. இழுத்துச் சாத்தும்போது பிடிச்சுக்கிச்சு. அசைக்காம இருந்தா தானா சரியாயிடும்னு வச்சிருக்கேன்."

"அதைத்தான்ணே செய்யக் கூடாது. முதல் ரெண்டு மூணு நாள் சரி. அதுக்கப்புறமும் சும்மா வச்சீங்கன்னா தோள் இறுகிப் போயிடும். மழையில கிடந்த கதவுக்கீல் மாதிரிதான். அப்புறம் தலை சீவக்கூட அடுத்தவங்க தயவு வேணும்."

"அய்யய்யோ. நமக்கு ஏது தம்பி அவ்வளவு முடி?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் விடவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல ஆட்டிக் காட்டினான். சுவரில் விரல்களைப் படியேறுவதுபோல ஏற்றவேண்டும் என்று ஜன்னல் சட்டத்தில் ஏற்றிக் காட்டினான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வலித்தாலும் விடக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்யவேண்டும். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் அவன் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

"எனக்காக நிறுத்தத்தை விட்டுட்டீங்களே தம்பி."

"பரவாயில்லண்ணே. நடந்தா காலுக்கு நல்லது."

"நல்லா இருங்க. உங்களைப் பெத்தவங்க குடுத்துவச்சவங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அந்தச் சந்தோஷத்தோடுதான் வெயிலில் திரும்பி நடந்தான் பாவி.

அவன் போகவேண்டியது கேப்டன் வீட்டுக்கு. கேப்டன் என்றால் கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை. வாலிப வயதில் வாலிபால் குழுவுக்குத் தலைவராக இருந்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

அன்று கூடத்தில் ஏணி போட்டிருந்தது. கேப்டனின் மருமகள் புதுக் கர்ட்டன் மாட்டச் சொல்லியிருந்தாள். ஏணிமேல் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள், வாயில் நாலு கொக்கியைக் கடித்துக்கொண்டு கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்துங்க, ஏணி ஆடுது," என்றாள் மருமகள்.

ஏணிமேல் இருந்தவள் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏணி ஆடலம்மா, எனக்குத்தான் ஆடுது. கடை என்னுதுதான். ஆனா ஏணி ஏறி வருஷக்கணக்காச்சு. இதுக்குன்னே எங்கிட்ட ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க இருந்தா நான் இந்நேரம் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பேன்."

"நின்னுட்டாங்களா?"

"கை போச்சு."

கை என்ற சொல் விழுந்தால் அவன் காது நிமிரும், தொழில் அப்படி. கேப்டனின் இடுப்பில் கைகொடுத்து நடத்திக்கொண்டே, "எந்தக் கைங்க? என்ன ஆச்சு?" என்று அவனாகக் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வலது கை தம்பி. இதே மாதிரி ஏணியில நின்னு மாட்டும்போது கொக்கி வழுக்கிடுச்சு. சுளுக்குன்னுதான் நெனச்சோம். அவங்க பையன் உங்களை மாதிரிதான், கைகாலுக்குப் பாக்கற டாக்டராம். ஆட்டாம வைன்னு சொல்லிட்டாராம். அந்த அக்காவுக்குப் பிள்ளை சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. கையைக் கொண்டுபோய் விலாவோட ஒட்டி வச்சாங்க பாருங்க, இன்னைக்கு வரைக்கும் எடுக்கல."

அவன் நடையை நிறுத்தவில்லை. கேப்டனுடைய காலைப் பார்த்துக்கொண்டே, "குதிகாலை முதல்ல வைங்க," என்றான். சொன்னது அவன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"வேலையை விட்டுட்டாங்களா?" என்றாள் மருமகள்.

"இடது கையால வெட்டிப் பாத்தாங்கம்மா. பூ ஒரு பக்கம் போச்சு, கரை ஒரு பக்கம் போச்சு. பாழாப்போன துணியை என்கிட்ட கொண்டாந்து காட்டிட்டு, அவங்களே கத்திரியைக் கீழ வச்சுட்டாங்க. பையன் சொல்லட்டும், வந்துடறேன்னாங்க. நானும் ஒரு மழைக்காலம் முழுக்க மேசையைக் காலியா வச்சிருந்தேன். வேற ஆளா இருந்தா சாக்கு சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன். அந்த அக்கா வாயில பொய் வராது. ஒரு விரல்கடை கூட வெட்டிட்டாலும் தானா வந்து சொல்ற ஆளு. ஆனா எத்தனை நாளைக்கு வைக்க முடியும், சொல்லுங்க. இப்ப ஒரு பொண்ணைப் போட்டாச்சு."

"அந்தப் பையனைப் போய்க் கேக்கலாமில்ல?"

"கேளுங்கக்கான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவனுக்கு ஆயிரம் பேரு, அவனா சொல்லுவான்ங்கறாங்க. வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதும்பாங்க. இவங்க அலையக்கூட மாட்டேங்கறாங்க, உக்காந்து காத்துக்கிட்டு இருக்காங்க."

கேப்டன் வாக்கரை ஊன்றி நின்றார். "எங்க தம்பி அந்த ரகம் இல்லம்மா. ஒவ்வொண்ணுக்கும் நாள் சொல்லுவார். ஒரு நாள் நடக்கலன்னா போன்லயே திட்டுவார். அந்த அம்மாவை இவர்கிட்ட அனுப்பிவிடுங்க."

"அதுவும் நல்ல யோசனைதான். கார்டு இருந்தா குடுங்க தம்பி."

"கொண்டுவரலைங்க," என்றான்.

பையின் முன்பக்கத்தில் கார்டு கட்டாக இருந்தது. அந்த அம்மாள் அவனைச் சின்ன வயசில் ஒரு தடவை பார்த்திருந்தால் உண்டு. அவனோ அந்தக் கடைப் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை. அம்மா இத்தனை வருஷம் நின்ற மேசை எந்தப் பக்கம் இருக்கிறது, ஜன்னலோரமா, சுவரோரமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. நான்தான் அந்தப் பையன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேப்டனை இன்னும் இரண்டு நடை நடத்தி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினான்.

அன்று பாக்கி இருந்த வீடுகளுக்கெல்லாம் வரமுடியாது என்று போன் செய்தான். திரும்புகிற பஸ்ஸில் யார் எப்படி நடக்கிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை.

நல்ல பகலில் அவன் வீட்டுக்குள் வந்து பல காலம் ஆகியிருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே அம்மா நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பின்னால் நின்று, சீப்பை வாயில் கடித்துக்கொண்டு, அவள் கூந்தலை இரண்டு கையாலும் அள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லிஃப்டில் நின்று பட்டன் அழுத்தியவர். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. போன மாதம் ஒருநாள் அவன், "என்னம்மா கொண்டை கோணிக்கிட்டு நிக்குது?" என்று சிரித்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அன்று அப்பா ஏன் சிரிக்கவில்லை என்று இப்போதுதான் புரிந்தது.

அம்மா அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "என்னடா இந்நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ ஏம்மா கடைக்குப் போகல?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சீப்பை வாயிலிருந்து எடுத்தார். "என்னை எதுக்குப் பாக்கற? நான் சொல்லல."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம? நாலு மாசமா தலைவாரிப் பழகறேன், இன்னும் கொண்டை நிக்க மாட்டேங்குது. கேளுடி அவன்கிட்டன்னு தினமும் சொல்றேன். அவன் சொல்லலைன்னா இன்னும் காலம் வரலைன்னு அர்த்தம்ங்கறா. சரி, டாக்டரோட அம்மா, நமக்கென்ன தெரியும்னு வாயை மூடிக்கிட்டேன். நான் வெறும் லிஃப்ட்காரன்."

அம்மா அவரைப் பார்த்து, "சும்மா இருங்க," என்றாள். பிறகு அவனிடம், ஏதோ நல்ல சேதி வந்ததுபோல முகம் மலர்ந்து, "இப்ப ஆட்டலாமாடா?" என்று கேட்டாள்.

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, மெதுவாகத் தூக்கினாள். நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் கை வரவில்லை, தோள்தான் காதை நோக்கி ஏறியது. அவன் தோள்பட்டையைப் பிடித்து அமர்த்திக்கொண்டு முழங்கையை உயர்த்திப் பார்த்தான். இறுகிக் கிடந்தது. எத்தனை பேர் தோளை இப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறான். பிடித்த உடனே இது எத்தனை மாதக் காரியம், எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். இந்தத் தடவை விரலுக்குத் தெரிந்ததை அவன் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

அம்மா கூச்சத்தோடு சிரித்தாள். "பழக்கம் விட்டுப்போச்சு. ரெண்டு நாள்ல வந்துடும். ஆனா நீ சொன்னதை ஒரு நாள்கூட மீறல, தெரியுமா? ராத்திரி தூக்கத்துல ஆடிடப் போகுதுன்னு தலகாணியை முட்டுக் குடுத்துத்தான் படுப்பேன். உன்கிட்ட வர்றவங்கள்ல யாராவது இப்படிச் சொல்பேச்சு கேட்டிருக்காங்களா?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அம்மாவின் முழங்கையை விடாமல் பிடித்தபடி, சின்னப் பிள்ளைபோல உதடு பிதுங்க அழுதான்.

"ஏண்டா? என்னடா ஆச்சு?"

"ரெண்டு மூணு நாள்தாம்மா ஆட்டாம வைக்கணும். அதுக்கப்புறம் ஆட்டியிருக்கணும். ஆட்டாம வச்சதாலதான் இறுகிப்போச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன். மறந்தே போயிட்டேம்மா."

அம்மா தன் கையைப் பார்த்தாள். பிறகு இடது கையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "நீ என்ன பண்ணுவே. நான்தான் மறுபடி கேட்டிருக்கணும். ஒரே வீட்டுல இருக்கோம், ஒரு வார்த்தை கேக்க என்ன கேடு எனக்கு."

"உன் மேல என்னம்மா தப்பு? திட்டிடும்மா."

"எதுக்குத் திட்டணும்? சாப்பிட்டியா முதல்ல, அதைச் சொல்லு."

மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு மன்னிப்பே தேவையில்லை என்று சொல்லிவிட்டால் அவன் எங்கே போய் நிற்பான்? சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "நாளைக்குக் காலையில நானே கடைக்குப் போறேன்," என்றான். "தப்பு என்னுதுன்னு சொல்றேன். மேசையை மறுபடி உனக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்கறேன். கை தேறுற வரைக்கும் நீ பக்கத்துல நின்னு அந்தப் பொண்ணுக்கு அளவு சொல்லலாமில்ல."

"வேணாம்டா."

"ஏன்?"

"நாலு வீட்டுக்குப் போற பொழப்பு உன்னுது. பெத்தவ கையையே பாக்காதவன் அடுத்தவன் கையை என்னத்தைப் பாப்பான்னு ஒரு வாய் பேசினா, அது நாலு வாயாகும். கடைக்காரி வாய் சும்மா இருக்காது. எல்லார் வீட்டுக்கும் திரை மாட்டப் போறவ."

"பேசினா பேசட்டும்."

அப்பா ரேடியோவை நிறுத்தினார். "அவன் சொல்லட்டும் விடு. சொன்னாத்தான் அவனுக்கும் சோறு இறங்கும்."

அன்று இரவு அவன் தூங்கவில்லை. கடையில் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் வாக்கியமாகக் கோத்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடுவது என்று முடிவாகத்தான் இருந்தான். அதில் பொய் இல்லை.

காலையில் அம்மாவைச் சுவர் முன்னால் நிறுத்தினான். அப்பாவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வலது கை விரல்கள் சுவரில் படி ஏறுவதுபோல ஏறவேண்டும். நெஞ்சு மட்டம் வந்ததும் அவள் பல்லைக் கடித்தாள்.

"அங்கயே நிறுத்தி வைம்மா. நான் சொன்னதும் இறக்கு."

அப்போதுதான் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. கடைக்கார அம்மாள். கையில் ஒரு துணிப்பை, பையிலிருந்து கத்திரியின் நுனி எட்டிப் பார்த்தது.

"அக்கா, உங்க சாமானெல்லாம் அங்கயே கிடந்துச்சு. ஆள் அனுப்பலாம்னு பாத்தேன், மனசு கேக்கல. அப்புறம் நேத்து ஒரு வீட்டுல நல்ல டாக்டர் ஒருத்தரைப் பாத்தேன், அவரைப் பத்தியும் சொல்..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் அவனைப் பார்த்து நின்றுவிட்டாள். "தம்பி, நீங்களா? நீங்கதான் அந்தப் பையனா?"

அவன் அவள் பக்கம் திரும்பி நின்றான். ராத்திரி கோத்த வாக்கியங்களில் முதல் வாக்கியத்தைத் தேடினான். "அது வந்துங்க..."

"இவன் அப்பவே சொன்னான்," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. "ரெண்டு மூணு நாள்தான், அப்புறம் ஆட்டணும்னு. நான்தான் வலிக்குப் பயந்துக்கிட்டு, பையன் ஆட்டக் கூடாதுன்னான்னு உங்கிட்ட சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"பொய்யாக்கா சொன்னீங்க?"

"ஆமா."

"இத்தனை மாசமாவா? நீங்களா? உங்க வார்த்தையை நம்பித்தானேக்கா மேசையைக் காலியா வச்சிருந்தேன். எத்தனை ஆர்டரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"தப்புதான்."

கடைக்கார அம்மாளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவன் பக்கம் திரும்பினாள். "நெஜமா தம்பி? நீங்க சொல்லியும் கேக்கலையா?"

அப்பா அவனைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தவர், அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. இல்லைங்க என்றால் போதும். அவன் கண் முன்னால் கேப்டன் வீட்டுக் கூடம் வந்தது, அந்த மருமகள் முகம் வந்தது, அவள் சிபாரிசில் அவனுக்குக் கிடைத்த இரண்டு மூன்று வீடுகள் வந்தன. அம்மா திரும்பவில்லை. ஆனால் அவள் முதுகு முழுக்க, சொல்லாதே, சொல்லாதே என்று கெஞ்சியது.

"ஆமாங்க," என்றான்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

கடைக்கார அம்மாள் துணிப்பையை நாற்காலிமேல் வைத்தாள். "தேறினதும் வாங்கன்னு சொல்லத்தான்கா வந்தேன். இப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. மத்தவங்க யாராவது இப்படிப் பண்ணியிருந்தா மனசு ஆறியிருக்கும்." வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "இனிமேலாவது பிள்ளை சொல்றதைக் கேளுங்க."

"கேக்கறேன்," என்றாள் அம்மா.

அவள் போன பிறகும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அம்மாவின் விரல்கள் நெஞ்சு மட்டத்தில் சுவரோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. இறக்கு என்று அவன் இன்னும் சொல்லவில்லை.